கணக்குத் தீராத விருந்து

நம் தங்கையும் மைத்துனரும் மணவாழ்வின் பொன்விழாவை நெருங்கிக்கொண்டிருக்கின்றனர். அயல்நாட்டில் நல்ல பணியிலிருக்கும் அவர்களுடைய ஒரே மகன், அந்த விழாவுக்கென ஒரு பயணத்தைத் திட்டமிட்டு, அதன் வண்ண ஏட்டை நமக்கு அனுப்பியிருந்தான். இத்தாலியில் பன்னிரண்டு நாள். மிலானில் தொடங்கி வெனிசு, புளோரன்சு, உரோமை. இடையே மூன்று நாள் வடக்கே மலைப்பகுதியில். ஒவ்வோர் ஊரிலும், முன்னாளில் பிரபுக்கள் வாழ்ந்து இன்று விடுதியாகியிருக்கும் மாளிகையில் தங்கல். இரவுதோறும் பெயர்பெற்ற சமையற் கலைஞர்கள் ஆக்கிப் படைக்கும் எட்டு வகை, பத்து வகை விருந்து. கடைசியில் ஒரு புதன்கிழமை, புனித பேதுரு வளாகத்தில் திருத்தந்தையின் பொதுச் சந்திப்பு. இருவருக்கும் சேர்த்துச் செலவு 18 இலட்சம் ரூபாய்.

ஏட்டோடு ஒரு சிறு கடிதமும் இருந்தது. “மாமா, அம்மா வர மறுக்கிறார்கள். இவ்வளவு பணத்தைத் தின்று தீர்ப்பது பாவம் என்கிறார்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள். இது பாவமா?”

தங்கை மறுத்ததற்குக் காரணம் உண்டு. அவர்கள் வாழும் சிற்றூரின் கிளைப்பங்கு ஆலயம், 2018ஆம் ஆண்டு கஜா புயலில் கூரையை இழந்தது. அன்று அவசரத்துக்குப் போட்ட தகரமே இன்றும் கூரையாக இருக்கிறது. மழை நாளில் திருப்பலி நடந்தால் மறையுரை காதில் விழாது. அந்தத் தகரத்தின் கீழ் ஞாயிறுதோறும் மண்டியிடும் ஒரு தாய்க்கு, வெனிசு நகரத்து இரவு விருந்தின் படம் இனிக்கவில்லை.

எளிய விடைகள் இரண்டு உடனே நம் நாவில் வந்தன. ‘உழைத்துச் சேர்த்த பணம், பெற்றோரை மகிழ்விப்பது நான்காம் கட்டளை, போய் வாருங்கள்’ என்பது ஒன்று. ‘பசித்தோர் இருக்கும் நாட்டில் பஞ்சணை விருந்து எதற்கு?’ என்பது மற்றொன்று. முதல் விடையில் அன்பு இருந்தது. ஆனால் அது தங்கையின் உறுத்தலைக் கண்டுகொள்ளவில்லை. இரண்டாவதில் நீதி இருந்தது. ஆனால் அதைச் சொல்ல நமக்குத் தகுதி இருக்கிறதா என்ற ஐயமும் கூடவே எழுந்தது. எனவே மறுமொழி எழுதாமலேயே நாள்களைக் கடத்தினோம். இக்கட்டுரை, காலம் தாழ்ந்த அந்த மறுமொழியே.

இத்தாலி நம் ஊருக்கு வந்த கதை

புதுக்கோட்டை மாவட்டத்தாருக்கு இத்தாலி அவ்வளவு தொலைவிலுள்ள நாடன்று. திருமயம் வட்டாரத்தில் கடியாபட்டி, இராயவரம், அரிமளம் முதலிய நகரத்தார் ஊர்களுக்குச் சென்றவர் இதை அறிவர். 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1940கள் வரை, பர்மா, மலேயா, இலங்கை நாடுகளில் கொண்டுவிற்றுப் பொருளீட்டிய நகரத்தார், அப்பொருளைக் கொண்டு இந்த வறண்ட செம்மண்ணில் மாளிகைகளை எழுப்பினர். தேக்கு பர்மாவிலிருந்து வந்தது; நிலைக்கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து வந்தது; தரைக்குப் பளிங்கு இத்தாலியிலிருந்து கப்பலேறி வந்தது. தெருவிலிருந்து தெரு வரை நீளும் அவ்வீடுகளின் முகப்பில் அகன்ற திண்ணைகள் இருந்தன. வணிகம் பேச வந்தவர் அமர்ந்ததும் அங்கேதான். வழிப்போக்கர் தலைசாய்த்ததும் அங்கேதான்.

1942இல் பர்மா ஜப்பானியர் வசமானது. போரும், அதற்குப் பின் அந்நாடுகளில் எழுந்த புதிய ஆட்சிகளும் நகரத்தாரின் கடல்கடந்த செல்வத்தைக் கரைத்தன. பராமரிக்க இயலாத வீடுகள் பல பூட்டப்பட்டன. சில இடிக்கப்பட்டு, அவற்றின் தூணும் நிலையும் கதவும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்கு வந்தன. எஞ்சியவற்றுள் சில அண்மைக் காலத்தில் தங்கும் விடுதிகளாயின. கடியாபட்டியின் சிதம்பர விலாஸ் அப்படிப்பட்டது. 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் உலகப் பண்பாட்டுச் சின்னங்களுக்கான யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் இடம்பெற்றன. இன்று இத்தாலியர்களே வந்து, தங்கள் நாட்டுப் பளிங்கின்மீது நடந்து, வாழையிலையில் உண்டு செல்கின்றனர்.

மருமகன் விடுமுறையில் வந்திருந்தபோது, அத்தகைய மாளிகை விடுதி ஒன்றுக்கு நம்மை நண்பகல் உணவுக்கு அழைத்துச் சென்றான். ‘அம்மாவின் அச்சத்தைப் போக்க ஓர் ஒத்திகை’ என்று சிரித்துக்கொண்டே சொன்னான். முற்றத்தைச் சுற்றிய வளவில் இலை போட்டிருந்தார்கள். கவுனி அரிசி இனிப்பு, வெள்ளைப் பணியாரம், மண்டி, கோழி, மீன் என ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எல்லாம் சிறப்பாகவே இருந்தன. மறைப்பதற்கில்லை; நாம் மகிழ்ந்தோம். தங்கையின் முகத்திலும் இறுக்கம் தளர்ந்திருந்தது.

அப்போது நாம் ஒரு காரியம் செய்தோம். பரிமாறிய இளைஞரை அழைத்து, மீன் குழம்பு நீர்த்திருக்கிறது, உப்பும் கூடுதல் என்று சொல்லி, கிண்ணத்தைத் திருப்பி அனுப்பினோம். “மன்னிச்சுக்குங்க ஐயா, வேற கொண்டு வர்றேன்” என்று அவர் தலைகுனிந்து எடுத்துச் சென்றார். வேறு கிண்ணமும் வந்தது.

திரும்பும் வழியில் தங்கை மெல்லக் கேட்டாள்: “அண்ணே, நம்ம வீட்டுல எத்தனையோ நாள் குழம்பு நீர்த்திருக்கு. ஒருநாள்கூட நீங்க திருப்பி அனுப்புனதில்லையே?”

நம்மால் விடை சொல்ல முடியவில்லை. ஆனால் மருமகனின் கேள்விக்கு விடை தேடும் வழி, தங்கையின் இந்தக் கேள்வியில்தான் திறந்தது.

மகிழ்ச்சி பாவமன்று

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். சுவையும் அழகும் ஓய்வும் பாவமல்ல. நம் ஆண்டவர் விருந்துக்கு அஞ்சியவர் அல்லர். கானாவூர்த் திருமணத்தில் அவர் செய்த முதல் அரும் அடையாளம், தேவைக்கு மிஞ்சிய அளவில், இருந்ததினும் சுவையான திராட்சை இரசத்தைத் தந்தது. சக்கேயுவின் வீட்டிலும் மத்தேயுவின் வீட்டிலும் அவர் பந்தியமர்ந்தார். உணவுப் பிரியர், குடிகாரர் என்ற பழிச்சொல்லையும் அதற்காகத் தாங்கினார். பெத்தானியாவில் மரியா முந்நூறு தெனாரியம் பெறுமானமுள்ள நறுமணத் தைலத்தை அவர் காலடியில் கொட்டியபோது, அதை விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று கணக்குப் பார்த்தவன் யூதாசு. அவனை நோக்கி, அவளை விட்டுவிடும்படி சொன்னவர் இயேசு. தகரக் கூரையையும் இத்தாலியப் பயணத்தையும் ஒரே தராசில் வைத்துவிட்டால் கேள்வி முடிந்துவிட்டது என்று நினைப்போர், அந்த பெத்தானிய வீட்டை நினைவில் கொள்ள வேண்டும்.

திருச்சபையின் மறைவல்லுநர்களும் இதில் சமநிலை காத்தனர். தோமா அக்குவினார் தம் பெருநூலாகிய இறையியல் தொகுப்பில் அளவுடைமை என்னும் நற்பண்பை விளக்குமிடத்தில், இன்பத்தில் மூழ்குவதைக் குற்றமென்றதோடு நில்லாமல், இயற்கையான இன்பங்களை வெறுத்து உணர்வற்றிருப்பதையும் குற்றமெனவே வகுத்தார். உண்ணும்போது இன்புறுவது உடலைப் படைத்தவர் வைத்த ஒழுங்கு.

மாளிகை விடுதிகளுக்கும் சொல்ல நியாயம் உண்டு. அவை இல்லையேல் அந்த வளவுகள் இடிந்து, தூண்கள் துண்டு துண்டாக விலைபோயிருக்கும். அங்கே சமைப்பவரும், துடைப்பவரும், தோட்டம் பார்ப்பவரும் பெரும்பாலும் சுற்று வட்டாரத்துப் பிள்ளைகள். மழை பொய்த்தால் கண்மாய் வறண்டு வேலையற்றுப் போகும் பூமியில், மாதச் சம்பளம் சிறிய காரியமன்று.

அப்படியானால் குறை எங்கே இருக்கிறது?

திருத்தந்தை பெரிய கிரகோரியார், பெருந்தீனி என்னும் தலையான பாவம் ஐந்து வழிகளில் வருவதாக வகுத்துக் காட்டினார். தோமா அக்குவினாரும் அதை எடுத்தாண்டார். உரிய வேளைக்கு முன்பே உண்ணல், விலையுயர்ந்ததையே நாடல், அளவு மிஞ்சல், ஆவேசத்தோடு விழுங்கல், பக்குவத்தில் நுணுக்கம் பார்த்து அலைதல். முதல் நான்கையும் நாம் எளிதில் அறிவோம். ஐந்தாவதுதான் நம்மை நிறுத்தியது. வயிறார உண்ணாதவனும், வாய்க்குள் ஒரு துளி மட்டுமே வைத்தவனும்கூடப் பெருந்தீனியில் விழலாம் என்கிறது அது. உணவின்முன் விருந்தினனாக அமராமல் நீதிபதியாக அமர்பவன் அவன். மீன் குழம்பைத் திருப்பி அனுப்பியபோது நாம் அந்த நாற்காலியில்தான் அமர்ந்திருந்தோம்.

விலை எதை வாங்குகிறது?

தமிழில் ‘விருந்து’ என்ற சொல்லுக்கு முதற்பொருள் புதுமை. தொல்காப்பியம் செய்யுளின் எட்டு வனப்புகளுள் ஒன்றாக ‘விருந்து’ என்பதைச் சொல்வதும் இப்பொருளிலேயே. புதிதாய் வந்தவர் விருந்தினர். அவருக்கு இடும் உணவுக்கும் அதுவே பெயராயிற்று. வள்ளுவர் விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரம் வகுத்து, அதை இல்லறவியலில் வைத்தார். இலத்தீனிலும் இதையொத்த ஒரு வியப்பு உண்டு. ‘ஹோஸ்பெஸ்’ என்ற ஒரே சொல், விருந்தாய் வருபவரையும் குறிக்கும், விருந்தளிப்பவரையும் குறிக்கும். மருத்துவமனையைக் குறிக்கும் ‘ஹாஸ்பிடல்’, தங்குமிடத்தைக் குறிக்கும் ‘ஹோட்டல்’ ஆகிய இரு சொற்களும் அந்த ஒரே வேரில் பிறந்தவை. நோயாளிக்குக் கட்டிலும் பயணிக்குப் படுக்கையும் ஒரு காலத்தில் ஒரே அன்பின் இரு கைகளாக இருந்தன.

வீட்டில் ஒருவர் நமக்குச் சோறிட்டால், நாம் அவருக்குக் கடன்படுகிறோம். அக்கடனை எந்தப் பணத்தாலும் அடைக்க முடியாது. ஆகவே நீர்த்த குழம்பையும் நல்ல குழம்பு என்கிறோம். அது பொய்யன்று. அந்த வீட்டாரின் உழைப்புக்கும் மனத்துக்கும் நாம் செய்யும் மரியாதை. விடுதியிலோ, உணவு முடிந்ததும் ஒரு தாள் வருகிறது, தொகை கட்டப்படுகிறது, கணக்குத் தீர்கிறது. எழுந்து வரும்போது நாம் யாருக்கும் எதுவும் தரவேண்டியதில்லை. விருந்தினன் நன்றி சொல்வான்; விலை கொடுத்தவன் குறை சொல்வான்.

ஆடம்பரம் விற்கும் பொருள்களிலேயே விலை மிகுந்தது இந்த விடுதலைதான் என்று நமக்குத் தோன்றுகிறது. பட்டு மெத்தையும் பத்து வகைக் கறியும் அதன் வெளி உறை. உள்ளே இருப்பது, ‘உங்களை யாரும் தொந்தரவு செய்யமாட்டார்கள், நீங்கள் யாருக்கும் கடமைப்பட்டவர் அல்லர்’ என்னும் உறுதிமொழி. லூக்கா நற்செய்தியின் 16ஆம் அதிகாரத்தில் வரும் செல்வன் இலாசரை அடித்ததாகவோ விரட்டியதாகவோ ஆண்டவர் சொல்லவில்லை. நாள்தோறும் விருந்துண்டான்; வாயிலில் கிடந்தவனுக்கும் தனக்கும் தொடர்பு ஏதுமில்லை என்றிருந்தான். அவ்வளவே. அவன் மேசைக்கும் வாயிலுக்கும் இடையே இருந்த சில அடி தூரம்தான், மறுமையில் எவரும் கடக்க இயலாத பெரும் பிளவாயிற்று.

இரண்டு இத்தாலியர்கள்

பளிங்கு வருவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இத்தாலியர் தமிழ் மண்ணுக்கு வந்துவிட்டனர். 1577இல் உயர்குடியில் பிறந்த இராபர்ட் தே நொபிலி, 1606இல் மதுரைக்கு வந்தார். கர்தினால் பெல்லார்மினாரின் உறவினர் அவர். பிரபுக்களின் பந்தியில் அமர உரிமையுள்ளவர், காவி உடுத்து, நாளுக்கு ஒரு வேளை மரக்கறி உணவோடு வாழ்ந்தார். 1656இல் மயிலையில் கண்மூடினார்.

அடுத்த நூற்றாண்டில் வந்தவர் நாம் வீரமாமுனிவர் எனப் போற்றும் பெஸ்கி அடிகளார். 1680இல் அவர் பிறந்த காஸ்திலியோனே நகரம், அரசுரிமையைத் துறந்த புனித ஞானப்பிரகாசியாரின் ஊரும் ஆகும். நம் மாவட்டத்தின் ஆவூரில், 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் மதுரை மறைபரப்புத் தளத்தின் குருக்கள் வேரூன்றிய இடத்தில், அவரும் பணியாற்றியதாகச் சொல்வர். ஆனால் அவரைப் பற்றிய பழைய வரலாறுகள், பட்டாடையும் பல்லக்கும் பரிவாரமுமாக அவர் சென்றதாகவும் கூறுகின்றன.

ஒருவர் ஒரு வேளை உணவு; மற்றவர் பல்லக்கு. யார் சரி? இக்கேள்விக்கு விடை உணவிலும் இல்லை, பல்லக்கிலும் இல்லை என்பதே நாம் கண்டது. இருவரும் ஒன்றில் ஒத்திருந்தனர். வந்த நாட்டுக்கு அவர்கள் கடன்பட்டனர். நம் மொழியை, பிள்ளைகள் கற்பதுபோல் முதலெழுத்திலிருந்து கற்றனர். கற்றதைத் திருப்பித் தந்தனர்; ஒருவர் தமிழ் உரைநடையில் நூல்கள் தந்தார், மற்றவர் தேம்பாவணியும் சதுரகராதியும் தந்தார். விருந்தினராய் வந்தவர்கள் விருந்தளிப்போராய் மாறினர். இலத்தீன் சொல்லின் இரு பொருளும் அவர்கள் வாழ்வில் ஒன்றாயின.

துறவே முழுமையான விடை என்போருக்கும் நம் மாவட்டத்தில் சான்று உண்டு. சித்தன்னவாசல் குன்றின் ஏழடிப்பட்டத்தில், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் சமணத் துறவியர் படுத்த பதினேழு கற்படுக்கைகள் உள்ளன. தலைவைக்கும் இடம் மட்டும் சற்று உயர்ந்து, வழவழப்பாகத் தேய்க்கப்பட்டவை. தமிழ்ப் பிராமி எழுத்தும் அங்கே உண்டு. அவற்றைக் காணும்போது நம் ஆடம்பரம் வெட்கமடைகிறது. ஆயினும் இல்லறத்தாருக்குக் கற்படுக்கை விதிக்கப்படவில்லை. வீடும் அடுப்பும் பந்தியும் நமக்குத் தரப்பட்டிருக்கின்றன. அவற்றைக்கொண்டு என்ன செய்தோம் என்பதே நம்மிடம் கேட்கப்படும்.

மொய் ஏடும் இளநீரும்

விலை வந்தாலே விருந்து செத்துவிடும் என்று சொல்லவும் முடியாது. அதற்கு மறுப்பு ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் பக்கத்தில் ஆடி மாதத்தில் நடக்கும் மொய் விருந்து. பலர் கூடிப் பந்தல் போட்டுக் கறி விருந்து வைப்பார்கள். உண்டவர்கள் மொய் எழுதுவார்கள். முன்பு தாம் பெற்ற தொகையைத் திருப்பி, அதற்குமேல் புது மொய்யும் வைப்பார்கள். அந்தப் பணத்தில் ஒருவர் கிணறு வெட்டுவார். மற்றொருவர் பிள்ளையைப் படிக்க வைப்பார். வட்டி கிடையாது. ஏடு உண்டு, ஆனால் அந்த ஏடு ஒருநாளும் முழுதாகத் தீர்வதில்லை. பழையதைத் தீர்க்கும் நாளிலேயே புதியது தொடங்குகிறது. இம்முறையில் குறைகளும் உண்டு. திருப்பித் தர இயலாமல் நகையை அடகு வைத்தோர், மானத்துக்கு அஞ்சி வெளியே கடன் வாங்கியோர் இருக்கின்றனர். இருந்தும், பணம் கைமாறும் இடத்திலேயே உறவு அறுபடாமல் இருக்க முடியும் என்பதற்கு அது ஒரு சான்று.

2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் தத்தளித்தபோது, இம்மாவட்டத்தின் தேநீர்க் கடைக்காரர் ஒருவர் தம் கடையில் மொய் விருந்து வைத்தார். தேநீர் குடித்தவர்கள் மனம்போல் பணம் வைத்தனர். திரண்டது வெள்ள நிவாரணத்துக்குச் சென்றது. மூன்றே மாதத்தில், நவம்பர் 16ஆம் நாள், கஜா புயல் இதே மாவட்டத்தின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. அப்போது வேறு ஊர்களிலிருந்து அரிசியும் மெழுகுவர்த்தியும் போர்வையும் இங்கு வந்தன.

அந்த நாள்களில் நாமும் பங்கின் நிவாரணக் குழுவோடு கீரமங்கலம் பக்கம் ஓர் ஊருக்குச் சென்றிருந்தோம். கையில் பெயர்ப் பட்டியல். வண்டியில் அரிசிப் பைகள். சாலையெங்கும் தென்னைகள் வேரோடு கிடந்தன. ஓட்டு வீடு சரிந்து, வாசலில் தார்ப்பாய் கட்டியிருந்த ஒரு மூதாட்டியின் பெயரைக் குறித்துக்கொண்டோம். பையை வாங்கி வைத்தவர், நம்மைப் போகவிடவில்லை. விழுந்து கிடந்த மரத்திலிருந்து இளநீரை வெட்டி நீட்டினார். வேண்டாம் என்றோம். “மரந்தான்யா விழுந்துச்சு. எளநியில தண்ணி இருக்குல்ல, குடிங்க” என்றார்.

பட்டியலை மடித்து வைத்துவிட்டுக் குடித்தோம். கொடுக்கப் போனவர்கள் விருந்தினராகிவிட்டோம். அந்தக் கணம் வரை அவர் நம் ஏட்டில் ஒரு வரிசை எண். அதன்பின் நாம் அவருக்குக் கடனாளிகள்.

மாளிகை விடுதியில் உணவு முடிந்து கை கழுவியபின், பரிமாறிய இளைஞரிடம் அவர் ஊர் எது என்று கேட்டோம். அவர் சொன்னது அதே ஊரின் பெயர். அந்த மூதாட்டிக்கு அவர் உறவா என்று நாம் விசாரிக்கவில்லை. விசாரிக்க நாணமாக இருந்தது. உறவாயினும் அல்லவாயினும், அவ்வூரின் இளநீரைக் குடித்த வாய்தான் அவ்வூர்ப் பிள்ளையின் கையிலிருந்த குழம்பைக் குறை சொல்லியிருந்தது. அன்று கடனாளி என்பதை அறிந்திருந்தோம். இன்று மருமகன் கட்டப்போகும் தொகை நம்மைக் கடனற்றவராக்கிவிட்டதாக எண்ணிக்கொண்டோம். வேறுபாடு அவ்வளவுதான்.

சாவடியில் திறந்திருக்கும் கணக்கு

நற்செய்தியில் விலை கொடுத்துத் தங்கும் ஒரு விடுதி வருகிறது. நல்ல சமாரியர் உவமையை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அதன் கடைசிக் காட்சியை விரைவாகக் கடந்துவிடுகிறோம். அடிபட்டவனைச் சமாரியர் தம் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை, சாவடிக்குக் கொண்டுபோனார். மறுநாள் சாவடிக்காரரிடம் இரண்டு தெனாரியம் கொடுத்தார். இது கூலிக்கு நடக்கும் விருந்தோம்பல்தான். அதில் இழிவொன்றும் இல்லை. ஆனால் சமாரியர் அதோடு கணக்கை முடிக்கவில்லை. இதற்கு மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். பணம் கொடுத்தும் கணக்கைத் திறந்தே வைத்தார். நன்மை செய்த பின்னும் தம்மைக் கடனாளியாகவே வைத்துக்கொண்டார். அந்தச் சாவடியைத் திருச்சபையின் உருவமாகத் தந்தையர் பலர் கண்டனர்.

இத்தாலியின் நகரிலும் மலையிலும் இந்தத் திறந்த கணக்கின் தடங்கள் உள்ளன. உரோமையின் செலியோ குன்றில், புனித கிரகோரியார் ஆலயத்தை ஒட்டிய சிற்றாலயம் ஒன்றில், பழைய பளிங்கு மேசை ஒன்று காணப்படுகிறது. பெருந்தீனியை ஐந்தாகப் பகுத்த அதே திருத்தந்தை, அந்த மேசையில் நாள்தோறும் பன்னிரு ஏழைகளை அமர்த்திப் பரிமாறினார் என்பதும், ஒருநாள் பதின்மூன்றாமவராக வானதூதர் வந்தமர்ந்தார் என்பதும் மரபு. ஆல்ப்சு மலையில், இத்தாலியும் சுவிட்சர்லாந்தும் சந்திக்கும் ஒரு கணவாயில், ஏறத்தாழ 2,470 மீட்டர் உயரத்தில், புனித பெர்நார்து பெயரால் ஒரு துறவியர் விடுதி இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டில் தொடங்கிய அவ்வில்லத்தார், பனியில் வழிதவறியோரைத் தேடிச்சென்று கூட்டி வந்து, யார் எவர் என்று கேளாமல் கஞ்சியும் கணப்பும் கொடுத்துப் பல நூறு ஆண்டுகள் காத்தனர்.

எனவே மருமகனுக்கு இவ்வாறு எழுதினோம்:

“தம்பி, போவது பாவமன்று. ஒன்றும் கடன்படாமல் திரும்பி வருவதுதான் நமக்கு அச்சமாயிருக்கிறது. அம்மாவை அழைத்துப் போ. ஆனால் அந்த ஏட்டில் சிலவற்றைக் குறைத்து, சிலவற்றைக் கூட்டு. உரோமையில் ஓர் இரவு விருந்தை விட்டுவிட்டு, செலியோ குன்றின் மேசையைக் காட்டு. உங்களுக்குச் சமைத்தவரின் பெயரைக் கேள். நன்றியை அவர் முகத்துக்கு நேரே சொல். குழம்பு நீர்த்திருந்தால் உன் மாமாவைப்போல் செய்யாதே. திரும்பி வந்ததும், நீ உண்ட விருந்துகளில் ஒன்றையேனும் நம் கிளைப்பங்கு மக்களுக்கு வை. எல்லாருக்கும் ஒரே பந்தி, நீ பரிமாறு. தகரக் கூரையைப் பற்றி நாம் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பந்தியில் நின்று ஒருமுறை மேலே அண்ணாந்து பார்த்தால், சொல்லவேண்டியதை அதுவே சொல்லும்.”

மறுமொழி வந்தது. பன்னிரண்டு நாள் எட்டு நாளாகியிருக்கிறது. செலியோ குன்று சேர்ந்திருக்கிறது. தங்கை இன்னும் முழுதாக இசையவில்லை. கூரைக்கு ஒரு வழி தெரிந்தபிறகு பார்க்கலாம் என்கிறாள். அவள் பிடிவாதத்தை நாம் குறையாகக் கருதவில்லை. ஒரு குடும்பத்தில் ஒருவராவது வாயிலைப் பார்த்தபடி அமர்ந்திருப்பது நல்லது.

ஞாயிறுதோறும் நாம் அணுகும் திருப்பந்திக்கு நற்கருணை என்று பெயர். கிரேக்க மூலத்தில் அச்சொல்லுக்கு நன்றி செலுத்துதல் என்பது பொருள். விலை கொடுக்க முடியாத உணவு அது. செல்வரும் ஏழையரும் அதன்முன் ஒரே வரிசையில் கையேந்துகிறோம். கணக்கைத் தீர்த்துவிட்டோம் என்று எவரும் அங்கிருந்து எழுந்து போக முடியாது. அந்தப் பந்தியில் உண்டவர்கள், வேறு எந்தப் பந்தியில் அமர்ந்தாலும், அது வாழையிலையாயினும் வெள்ளித்தட்டாயினும், அங்கும் கடனாளிகளாகவே அமரக் கற்க வேண்டும்.

நம்மைப் பொறுத்தவரை, கீரமங்கலம் பக்கத்து இளநீருக்கும் திருமயம் பக்கத்து மீன் குழம்புக்கும் நாம் தரவேண்டியது இன்னும் பாக்கி இருக்கிறது. அடுத்த முறை அவ்வழியே போகும்போது, அந்த இளைஞரைத் தேடி, குழம்பு நன்றாகவே இருந்தது என்று சொல்லிவிட எண்ணியிருக்கிறோம்.